ஊருக்குப் போய் வந்த குற்றம்

டிசம்பர் வந்தால் போதும், எங்கள் நாட்டில் உறவுகள் இடம்மாறத் தொடங்கிவிடும். கனடாக் குளிருக்குத் தப்பி மாமா குடும்பம் யாழ்ப்பாணத்துக்கு வரும். இங்கே கொஞ்சம் வசதி உள்ளவர்கள் பள்ளிக்கூடம் விட்ட கையோடு லண்டனுக்கோ பாரிஸுக்கோ போய், பனியில் நின்று படம் எடுத்து முகநூலில் போடுவார்கள். அதைப் பார்த்து நாங்கள் லைக் போடுவோம், கொஞ்சம் பொறாமைப்படுவோம். அத்தோடு விஷயம் முடிந்துவிடும். லண்டனில் சித்தி இருக்கிறார் என்பதற்காக, அவர் வீட்டில் மூன்று வாரம் தங்கி வந்தார்கள் என்பதற்காக, "உங்களுக்கு இந்த நாட்டில் பற்று இல்லை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதே நாட்டில், இதே மார்கழியில், கடல் கடந்து சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வந்த பயணத்தையே காரணம் காட்டி ஒரு சமூகத்தின் பிரஜாவுரிமையைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். அவர்கள் போனது லண்டனுக்கு இல்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறினால் 20 மைல் சொச்சத்தில் வருகிற தனுஷ்கோடிக்கு. அங்கிருந்து திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு. மலையகத் தமிழரின் வரலாற்றைப் பற்றி எழுதும்போது நாங்கள் சம்பளம், லயம், வாக்குரிமை என்று பேசுவோம். இந்த உறவுப் பயணத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கென்னவோ, இந்தப் பயணம் எப்படி மாறியது என்று பார்த்தாலே மிச்சக் கதையும் விளங்கும் என்று தோன்றுகிறது.

முதலில் ஒரு சொல். எங்க தோட்டத்தில் வயசானவங்க "ஊரு" என்று சொன்னால் அது இந்தியாவில் உள்ள ஊர். "ஊருக்குப் போயிட்டு வந்தாங்க", "ஊருல இருந்து கடுதாசி வந்திச்சு" என்பார்கள். பிறந்தது, வேலை செய்தது, பிள்ளை பெற்றது எல்லாம் இங்கேதான், ஆனாலும் "ஊரு" அங்கே. அந்தப் பக்கக் கிராமங்களில் இதையே திருப்பிச் சொல்வார்கள்: "கண்டிக்குப் போனவங்க", "கண்டிச் சீமைக்காரங்க". யாழ்ப்பாணத்தவர் கொழும்பில் நாற்பது வருஷம் இருந்துவிட்டும் "ஊருக்குப் போறன்" என்பது மாதிரித்தான் இதுவும். சொல்லில் விசுவாசப் பிரச்சினை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தச் சொல்லைக் காதில் வாங்கியவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தப் போக்குவரத்துக்கு ஒரு பழைய காரணமும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மலைநாட்டில் காப்பிதான் பயிர். காப்பிக்கு வருஷம் முழுக்க அதே அளவு ஆள் தேவையில்லை. பழம் பறிக்கும் காலத்துக்கு ஆட்கள் பாய்மரத் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, வேலை முடிந்ததும் திரும்பிப் போனார்கள். அந்தப் பாதையில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஏராளம், அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். போய்வருவது இவர்களுடைய குணம் இல்லை, அது காப்பி முதலாளியின் தேவை. ஆள் தேவைப்படாத மாதங்களில் சோறு போடாமல் தப்பிக்க அவருக்கு அது வசதியாக இருந்தது. 1869இல் தொடங்கிய இலைநோய் காப்பியை அழித்தது. அதன் இடத்துக்குத் தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்து வருஷம் பூராவும் துளிர்க்கும், ஆகவே ஆளும் வருஷம் பூராவும் வேண்டும். குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. அதற்குப் பிறகு ஊர் என்பது திரும்பிப் போகும் இடமாக இல்லாமல், பார்த்துவிட்டு வரும் இடமாக மாறியது.

இதைச் சுலபமாக்கியது 1914. அந்த வருஷம் பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கடலுக்கு மேலே இரண்டு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கிக்கொள்ளும். அந்தப் பக்கம் தனுஷ்கோடி வரை ரயில், இந்தப் பக்கம் மதவாச்சியிலிருந்து மன்னார் வழியாகத் தலைமன்னார் இறங்குதுறை வரை ரயில், இடையில் நீராவிக் கப்பல். கர்ஸன், ஹார்டிஞ், எல்ஜின் என்று வைஸ்ராய்மாரின் பெயர்களைக் கப்பல்களுக்கு வைத்திருந்தார்கள். கொழும்புக் கோட்டையில் வாங்கும் ஒரே டிக்கெட்டில் சென்னை எழும்பூர் வரை போகலாம். இதுதான் போட் மெயில். அதற்கு முன் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் இருந்தது, ஆனால் அது நீண்ட கடல் பயணம்.

மலைநாட்டுக் குடும்பம் எப்படிப் போயிருக்கும்? ஹட்டனிலோ நானுஓயாவிலோ கோச்சி ஏறி மலை இறங்க வேண்டும். பொல்கஹவெலயில் இறங்கி வடக்கு நோக்கிப் போகும் கோச்சிக்கு மாற வேண்டும். இரவெல்லாம் மாகோ, அநுராதபுரம், மதவாச்சி என்று ஓடி, விடியும்போது மன்னாரின் பனையும் உப்பு வெளியும். மூன்றாம் வகுப்பில் மூட்டைக்கு மேல் மூட்டை. மார்கழியில் கிளம்பினால் தைப்பொங்கலுக்கு ஊரில் நிற்கலாம். மார்கழியில் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள், தை பிறந்தால் கலியாணங்கள் வரிசையாக வரும். ஒரு பொங்கல், இரண்டு கலியாணம், ஒரு குலதெய்வப் படையல், முடிந்தால் இங்கே உள்ள பையனுக்கு அங்கே ஒரு பெண். ஒரு பயணத்தில் இவ்வளவையும் முடித்துவிட்டு வருவார்கள்.

எங்க அப்பாயி எட்டு வயசில் ஒருதரம் போய் வந்தவங்க. அவங்க ஞாபகத்தில் கடல் இல்லை, பாலம் இல்லை. ஒரு பித்தளைக் குடமும் ஒரு ஊசியும்தான். குடம் தாய்மாமன் சீராகக் கொடுத்தது, இன்னமும் எங்க வீட்டு அடுப்படியில் இருக்கு. ஊசி மண்டபத்தில் போட்டது.

மண்டபம் முகாமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம், இந்திய மண்ணில், இலங்கை அரசாங்கம் நடத்திய தொற்றுத்தடுப்பு முகாம் அது. தோட்டங்களுக்கு வரும் தொழிலாளரை அங்கே பல நாட்கள் வைத்திருந்து, உடுப்புகளை நீராவியில் அவித்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் கப்பலுக்கு அனுப்புவார்கள். பிளேக், கொலரா, பெரியம்மை எல்லாம் உண்மையான பயங்கரங்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் நோய் டிக்கெட்டின் வகுப்பைப் பார்த்து ஏறுவதில்லை. முதல் வகுப்புப் பெட்டியில் வந்த துரைமாரும் வியாபாரிகளும் நேராகக் கப்பலுக்குப் போனார்கள், தோட்டத்துக்குப் போகிறவர்கள் முகாமில் உட்கார்ந்தார்கள்.

இதில் முக்கியமான விஷயம் என்னவென்றால், முதன்முதலாக வேலைக்கு வருகிறவர்கள் மட்டும் அந்த முகாம் வழியாக வரவில்லை. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்களும் அதே வழிதான். கணக்கில் அவர்களுக்குப் "பழையவர்" என்று தனிப் பிரிவு இருந்தது. இருபது வருஷம் தலவாக்கலையில் கொழுந்து பறித்த ஒரு பெண், அண்ணன் மகள் கலியாணத்துக்குப் போய்விட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பும்போது, அரசாங்கத்தின் பதிவேட்டில் அவர் மறுபடியும் ஒரு குடிபெயர்ந்த கூலிதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்த தகர டிக்கெட் முறை இதைவிட வெளிப்படையானது. எந்தத் தோட்டத்துக்குப் போகும் ஆள் என்பதைக் காட்டும் எண் பொறித்த தகர வட்டம் ஒன்றைக் கழுத்தில் மாட்டி அனுப்புவார்கள். பார்சலுக்கு விலாசம் எழுதி அனுப்புகிற மாதிரி.

அதே காலத்தில் தோட்டத்துத் துரைமாருக்கும் ஒரு "ஊர்" இருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. இங்கிலாந்தையும் ஸ்கொட்லாந்தையும் அவர்கள் "ஹோம்" என்றுதான் சொன்னார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை நீண்ட லீவில் கப்பலேறிப் போவார்கள். பிள்ளைகளை அங்கேதான் படிக்க வைப்பார்கள், ஓய்வுபெற்றதும் அங்கேதான் போய் வீடு வாங்குவார்கள். சம்பாத்தியம் முழுக்க அங்கேதான் போகும். ஆனால் "வந்து போகும் பறவைகள்", "இந்த நாட்டில் நிலையான அக்கறை இல்லாதவர்கள்" என்ற பேச்செல்லாம் தோட்டத் தொழிலாளரைப் பற்றித்தான் எழுந்தது. 1928இல் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது, அது இந்தியத் தமிழருக்கும் கிடைத்துவிடுமோ என்ற அச்சத்தில் சட்டசபையில் திரும்பத் திரும்பக் கேட்டது இந்த வாதம்தான். ஊருக்குக் காசு அனுப்புகிறார்கள், ஊருக்குப் போய் வருகிறார்கள், ஆகவே இங்கே நிரந்தரமானவர்கள் இல்லை.

இந்தப் பயணத்துக்கு முதல் பெரிய அடி 1939இல் விழுந்தது. இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்கத் தீர்மானித்தது. நேரு ஜூலை மாதம் கொழும்புக்கு வந்து பேசிப் பார்த்தார், பலனில்லை. இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்தது அந்த வருகையின்போதுதான். பதிலடியாக 1939 ஒகஸ்ட் 1ஆம் திகதியிலிருந்து இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. டில்லியின் பார்வையில் அது இந்தியரின் மானம் காக்கும் நடவடிக்கை. தோட்டத்தில் இருந்தவருக்கோ அது வேறு மாதிரித் தெரிந்தது: ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. அப்பன் சாகக் கிடக்கிறான் என்று கடிதம் வந்தால் போவதா, லயத்தில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருப்பதா? பழைய தொழிலாளர் போய்வரும்படி அந்தத் தடை பிறகு தளர்த்தப்பட்டது. ஆனால் கடலின் இரண்டு பக்கமும் உள்ள இரண்டு அரசாங்கங்கள் சண்டை போட்டால் நடுவில் நசுங்குவது யார் என்பதற்கு இது முதல் பாடம். கடைசிப் பாடமாகவும் அது இருக்கவில்லை.

இனி 1948. அந்த வருஷத்தின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது என்பது பாடப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை எப்படிச் செய்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாக வேண்டுமானால், அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் பாட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழையே காணாத லயத்தில் இதை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். ஆனால் இலங்கைக்கு வெளியே பிறந்தவருக்கு அதைவிடக் கூடுதலாகக் கேட்டார்கள். தகப்பன் மட்டும் போதாது, தகப்பனும் தகப்பனின் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும்.

இப்போது எங்கள் வழக்கத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். இதைத் தமிழருக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஊரிலிருந்து பெண் எடுத்த குடும்பத்தில் அந்தத் தாய்வீடு கடலுக்கு அப்பால் இருக்கும். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, கப்பலேற்றி அனுப்புவார்கள். மூன்று, நான்கு மாதப் பிள்ளையோடு அவள் திரும்பி வருவாள். அந்தப் பிள்ளைக்குப் பால் பல் முளைத்ததும் தோட்டத்தில்தான், கூடை பிடித்துப் பழகியதும் தோட்டத்தில்தான். ஆனால் சட்டத்தின் முன் அது வெளிநாட்டில் பிறந்த பிள்ளை. கூடப் பிறந்த தங்கை லயத்தில் பிறந்திருந்தால், ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பேரில் ஒருத்தி ஒரு தலைமுறைக்குச் சான்று காட்டினால் போதும், மற்றவள் இரண்டு தலைமுறைக்குக் காட்ட வேண்டும். தாய்வீட்டுப் பிரசவத்தைச் சட்டம் எங்கேயும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். வம்சாவழியில் வர முடியாதவர்கள் விண்ணப்பித்துப் பதிவுப் பிரஜையாகலாம் என்றது. நிபந்தனை: 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் தொடர்ச்சியாக, கலியாணம் முடித்தவர் 7 வருஷமும் முடிக்காதவர் 10 வருஷமும் இங்கே வசித்திருக்க வேண்டும், பிறகும் வசித்துக்கொண்டிருக்க வேண்டும். "தொடர்ச்சியாக" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு தடவையில் 12 மாதத்துக்கு மேல் நாட்டில் இல்லாவிட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும். 12 மாதம் தாராளமாகத்தானே இருக்கிறது என்று நினைக்கலாம். போட் மெயிலில் வாரக் கணக்கில் லீவு போட்டுப் போனவருக்கு அது போதும். காணித் தகராறு, தகப்பன் நோய், மகள் கலியாணம் என்று இழுபட்டவருக்குப் போதாது. கணக்கெடுக்கும் காலத்தையும் பாருங்கள். 1936இலிருந்து 1946 வரை. 1939ஆம் ஆண்டுத் தடையும் உலகப் போரும் அதற்குள்தான் வருகின்றன. ஊரில் மாட்டிக்கொண்டு வர முடியாமல் கிடந்தவர்களின் காலமும் அதுதான்.

மனைவி பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்பதும் பார்க்கப்பட்டது. நீ இங்கே இருந்தாய் சரி, உன் பெண்சாதி எங்கே இருந்தாள்? பெண்சாதி ஊரில் மாமியாரைப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் அது ஒரு ஓட்டை. ஒவ்வொரு வருஷமும் எங்கே இருந்தேன் என்பதற்குத் தோட்டத்துச் செக்ரோலிலிருந்து ஆதாரம் வாங்க வேண்டும். பெரட்டில் பேர் பதிந்த புத்தகம் கரையான் அரிக்காமல் இருந்தால் தப்பினோம், தோட்டம் மாறியிருந்தால் அலைந்தோம்.

விண்ணப்பிக்க இரண்டு வருஷம்தான் கொடுத்தார்கள், 1951 ஒகஸ்ட் வரை. இலங்கை இந்திய காங்கிரஸ் முதலில் புறக்கணிப்பு என்று நின்று, காலம் போன பிறகுதான் மனம் மாறியது. கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பத்துப் பன்னிரண்டு வருஷம் இழுத்து, கடைசியில் பதிவு கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. ஆறு பேரில் ஒருவர்.

வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு ஒரு குறிப்பு, கோபித்துக்கொள்ள வேண்டாம். 1949ஆம் ஆண்டின் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர்களில் ஜீ.ஜீ. பொன்னம்பலமும் ஒருவர், அப்போது அவர் அமைச்சர். செல்வநாயகம் பிரிந்து போய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தொடங்கியதற்கு இந்தப் பிரஜாவுரிமைப் பிரச்சினையும் முக்கிய காரணம். மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போய்வருவது யாழ்ப்பாணச் சைவர்களின் நீண்டகால வழக்கம். ஆறுமுக நாவலர் 1864இலேயே சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் கட்டினார். அவர்களும் அதே பாக்கு நீரிணையைத்தான் கடந்தார்கள். அந்தப் பயணம் பக்தி, மலையகத்தான் போனால் அது சந்தேகம். இந்த வித்தியாசத்தைச் சிங்களத் தலைவர்கள் மட்டும் உண்டாக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

1949 நவம்பரில் குடிவரவு குடியகல்வுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதோடு டிக்கெட் மட்டும் வாங்கிக்கொண்டு கப்பலேறும் காலம் முடிந்தது. கடவுச்சீட்டு, விசா, தற்காலிக வதிவிட அனுமதி. நாடற்றவருக்கு யார் கடவுச்சீட்டுக் கொடுப்பார்? பயணச் சான்று என்று ஏதாவது ஒரு தாளுக்காக அலைய வேண்டும், திரும்பி வருவதற்கு அனுமதி வேறு வாங்க வேண்டும். வழி அடைபட்டால் மனுஷன் வேறு வழி தேடுவான். தோணியில் வந்தவர்களைப் பிடிக்க மன்னார்க் கரையில் இராணுவத்தை நிறுத்தினார்கள். "கள்ளத்தோணி" என்ற சொல் அப்போதுதான் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. தோணியையே காணாத, நுவரெலியாவில் பிறந்து வளர்ந்த பிள்ளையையும் பஸ்ஸில் அப்படிக் கூப்பிட்டார்கள். 1954 ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் செய்த ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் உண்டு, அதன் சாரத்தைச் சொல்கிறேன்: வளர்ந்த ஒருவருடைய பெயர் பதிவேட்டில் இல்லாமல், அவருடைய தாய்மொழி இந்திய மொழியாக இருந்தால், அவர் கள்ளமாகக் குடியேறியவர் என்றே எடுத்துக்கொள்ளப்படுவார். தாய்மொழி. இதை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஏற்றுக் கையெழுத்திட்டார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1964 ஒக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் நாடற்றவர்கள் என்று கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் அந்த ஒன்றரை இலட்சத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு பாக்கு நீரிணையில் புயல். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலை, ஊருக்குக் கொஞ்சத் தூரத்தில் கடல் இழுத்துக்கொண்டு போனது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள், ஒருவரும் தப்பவில்லை. தனுஷ்கோடி நிலையம், இறங்குதுறை, தபாற்கந்தோர், சுங்கம், தேவாலயம் எல்லாம் போயின. மன்னார்க் கரையும் தப்பவில்லை. பாம்பன் பாலத்தை 46 நாளில் திருப்பிக் கட்டினார்கள், அந்த வேலையை நடத்திய இளம் பொறியியலாளர் ஸ்ரீதரன்தான் பிற்காலத்தில் கொங்கண் ரயிலையும் டில்லி மெற்றோவையும் கட்டியவர். ஆனால் தனுஷ்கோடியை யாரும் திருப்பிக் கட்டவில்லை, வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்துவிட்டார்கள். அரை நூற்றாண்டாகச் சொந்தக்காரர் வந்து இறங்கிய வாசல் அது. கப்பல் பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடியது.

அப்படி ஓடிய கப்பல்களில் போனவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரரைப் பார்க்கப் போனவர்கள் இல்லை. திரும்பி வரும் டிக்கெட் அவர்களிடம் இருக்கவில்லை. ஹட்டன், பதுளை, கண்டி நிலையங்களில் வழியனுப்ப வந்தவர்கள் கோச்சியைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அதற்கு மலையகத்தில் "ஒப்பாரிக் கோச்சி" என்றே பெயர். போகிறவர் சாகப் போகவில்லை, தன் "ஊருக்கு"த்தான் போகிறார் என்று அரசாங்கங்கள் சொன்னன. வழியனுப்ப வந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் இறங்கிய முகாம் எது தெரியுமா? அதே மண்டபம்தான். பாட்டனுக்கு அம்மை குத்தி இந்தப் பக்கம் அனுப்பிய இடத்தில், பேரனுக்கு முத்திரை குத்தி அந்தப் பக்கம் வரவேற்றார்கள். அங்கிருந்து கூடலூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் றப்பர்த் தோட்டங்களுக்கும், நூல் ஆலைகளுக்கும் பிரித்து அனுப்பினார்கள். பாட்டனுடைய கிராமத்துக்குப் போனவர்களுக்கு அங்கே நிலமும் இல்லை, வேலையும் இல்லை, சொந்தம் என்று சொல்ல ஆளும் அதிகம் மிஞ்சவில்லை. அங்கே அவர்களுக்குப் புதுப் பெயர் கிடைத்தது: சிலோன்காரர்.

பிள்ளைகளையும் சேர்த்தால் நாலரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இப்படிப் போனார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்த கதைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. அப்பாயியின் தாய்மாமன் வீட்டோடு எங்களுக்கு இப்போது தொடர்பு இல்லை. இப்போது எங்களுக்கு "ஊரில்" இருக்கும் சொந்தம், 70களில் இங்கிருந்து போன அப்பாயியின் தங்கச்சி குடும்பம், கூடலூரில். ஊர் என்பது முன்னோர் வந்த இடமாக இருந்தது, இப்போது எங்களோடு பிறந்தவர்கள் அனுப்பப்பட்ட இடமாக இருக்கிறது. அவர்கள் அங்கிருந்து எங்க தோட்டத்தை "ஊரு" என்கிறார்கள்.

1984இல் இராமேஸ்வரம்–தலைமன்னார்க் கப்பலும் நின்றது. யுத்தத்தில் தலைமன்னார் ரயில் பாதையும் போனது. இந்தியக் கடவுச்சீட்டோடு போக முடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும், எந்தத் தாளும் இல்லாதவர்களுக்கும் 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால் கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அமைதியாக நிறைவேறியது. 1948இலிருந்து கணக்குப் பார்த்தால் 55 வருஷம். மண்டபமோ 1983க்குப் பிறகு இலங்கை அகதிகளின் முகாமானது. வடக்கிலிருந்து தோணியில் போனவர்களும் அந்த வாசலைப் பார்த்துவிட்டார்கள்.

2015 மார்ச்சில் ரயில் மறுபடியும் தலைமன்னார் இறங்குதுறை வரை வந்தது. திறப்பு விழாவுக்கு மோடியும் வந்திருந்தார். கப்பல் விடுவோம் என்று இரண்டு நாட்டிலும் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள். இன்று ஓடும் கப்பல் தலைமன்னாரிலிருந்து இல்லை, காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு. 2023 ஒக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஒகஸ்டில் மறுபடி ஓடியது. ஹட்டனில் இருப்பவர் அதைப் பிடிக்க முதலில் நாட்டின் வடக்கு முனைக்குப் போக வேண்டும். பலபேர் கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் போகிறார்கள், கொழுந்து பறிக்கிறவர் ஒரு குடும்பத்தோடு அப்படிப் போகச் சில வருஷம் சீட்டுப் போட வேண்டும்.

மார்கழி விடுமுறைக்குக் கப்பலில் போகலாம் என்று யாராவது யோசித்தால், முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். 2024இல் வடகீழ்ப் பருவமழைக் காலம் வந்ததும் நவம்பரில் நிறுத்தி, அடுத்த பெப்ரவரியில்தான் மறுபடி விட்டார்கள். பொங்கலும் தைக் கலியாணங்களும் அதற்குள் முடிந்துவிட்டன.